டெர்மினலை ஆப்ஷன்களோடு திறப்பது: எந்த வார்த்தையை யார் படிக்கிறார்கள்?

கேள்வியின் சுருக்கம் இது: "உபுண்டுவில் வேலை செய்கிறேன். காலையில் வந்ததும் ஒரே கிளிக்கில் டெர்மினல் திறக்க வேண்டும். ஒரு டேபில் சர்வர் ஓட வேண்டும், இன்னொன்றில் லாக் தெரிய வேண்டும், மூன்றாவது சும்மா ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் நிற்க வேண்டும். ஐகான் செய்து வைத்தேன். அழுத்தினால் விண்டோ மின்னி மறைகிறது. அதே கமாண்டைக் கையால் டைப் செய்தால் ஓடுகிறது. எங்கே தப்பு?"

முதலில் ஒரு விஷயம். கீழே கமாண்டுகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ஹைஃபன், சமக்குறி, மேற்கோள்குறி எல்லாம் அப்படியே.

நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை ஒருவர் மட்டும் படிப்பதில்லை. மூன்று பேர் அடுத்தடுத்துப் படிக்கிறார்கள். முதலில் படிப்பது, கையால் டைப் செய்தால் பாஷ் ஷெல் (அடிக்கும் வரியைப் படித்து ஓட்டும் ப்ரோக்ராம்), ஐகானை அழுத்தினால் டெஸ்க்டாப். அவர் தன் பங்கைப் பார்த்துவிட்டு மிச்சத்தை டெர்மினல் ப்ரோக்ராமிடம் தருகிறார். டெர்மினல் தனக்கான ஆப்ஷன்களை எடுத்துக்கொண்டு மீதியை உள்ளே ஓடப்போகும் ப்ரோக்ராமிடம் தள்ளிவிடுகிறது. டெர்மினல் ஆப்ஷன் பற்றி என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை, ஒருவருக்கான வார்த்தை இன்னொருவர் கையில் போய்ச் சேர்ந்ததால் வந்தவைதான். உங்கள் விஷயத்தில் மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கோளாறு இருக்கும் என்று நினைக்கிறேன்.

நடுவில் இருக்கும் டெர்மினலிலிருந்தே தொடங்கலாம். பழசுக்குப் போனால் விஷயம் எளிதாகப் புரியும். எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினல் ப்ரோக்ராம், 1984-இல் மார்க் வாண்டவூர்ட் எழுதத் தொடங்கியது. திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் பிறந்ததும் அதே வருடம்தான். 1996 முதல் தாமஸ் டிக்கி அதைப் பராமரித்து வருகிறார், இன்றும் புதுப் பதிப்பு வருகிறது. அதில் ஆப்ஷன்களுக்கு ஒற்றை ஹைஃபன்தான், பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும். உதாரணம்:

எக்ஸ்டெர்ம் -ஜியோமெட்ரி 100எக்ஸ்30-0+0 -ஹோல்ட் -இ மேக் டெஸ்ட்

100 எழுத்து அகலம், 30 வரி உயரம். அப்புறம் வரும் -0+0 என்பது இடம். கூட்டல் போட்டால் இடது ஓரம் அல்லது மேல் ஓரத்திலிருந்து கணக்கு, கழித்தல் போட்டால் வலது ஓரம் அல்லது கீழ் ஓரத்திலிருந்து. ஆக இது வலது மேல் மூலையில் வந்து ஒட்டிக்கொள்ளும். அகலமும் உயரமும் பிக்சலில் இல்லை, எழுத்துக் கணக்கில். ஆனால் இடம் மட்டும் பிக்சலில். இந்தக் கலப்புக் கணக்கு முதல் தடவை பார்க்கும் எல்லோரையும் குழப்பும். எதுவும் சொல்லாவிட்டால் 80க்கு 24 வரும். அது 1978-இல் டிஇசி நிறுவனம் வெளியிட்ட விடி100 என்ற நிஜமான டெர்மினலின் திரை அளவு. பெட்டி போய்விட்டது, அளவு மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது -இ. அது எப்போதும் கடைசி ஆப்ஷன். அதற்குப் பிறகு வரும் எல்லாமே உள்ளே ஓடும் ப்ரோக்ராமுக்கு, இங்கே மேக்குக்கு, சொந்தம். இடம் மாற்றி "-இ மேக் -ஜியோமெட்ரி 100எக்ஸ்30" என்று எழுதினால் விண்டோ அளவு மாறாது. மேக்தான் அந்த -ஜியோமெட்ரியைப் படிக்கும், தனக்குத் தெரியாத ஆப்ஷன் என்று திட்டிவிட்டு வெளியேறும். அது வெளியேறியதும் விண்டோவும் மூடிக்கொள்ளும். திட்டியதுகூட உங்கள் கண்ணில் படாது. நீங்கள் சொன்ன "மின்னி மறைவது" இப்படியும் வரலாம்.

எல்லா டெர்மினலும் இதே மாதிரி இருந்தால் நிம்மதி. இல்லை. கேடிஈ டெஸ்க்டாப்பின் டெர்மினலான கான்சோலில் -இ எக்ஸ்டெர்ம் போலத்தான், மிச்ச வரி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலில் -இ ஒரே ஒரு துண்டை மட்டும் எடுக்கும், அதனால் முழுக் கமாண்டையும் மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். மிச்சம் முழுவதும் வேண்டுமென்றால் அங்கே -எக்ஸ் என்ற தனி ஆப்ஷன். க்னோம் டெர்மினலிலும் ஒரு காலத்தில் இதே -இ, -எக்ஸ் இரட்டையர்தான் இருந்தார்கள். இப்போது இரண்டும் வழக்கொழிந்தவை என்று அதுவே எச்சரிக்கிறது. அதற்குப் பதில் வெறும் இரட்டை ஹைஃபன்:

க்னோம்-டெர்மினல் --வொர்க்கிங்-டைரக்டரி=$ஹோம்/வேலை -- பாஷ் ஓட்டு.எஸ்ஹெச்

தனியாக நிற்கும் அந்த இரட்டை ஹைஃபனுக்கு அர்த்தம், "எனக்கான பேச்சு இத்தோடு முடிந்தது, இனி வருவது உள்ளே போகிறவனுக்கு." இந்த வழக்கம் யூனிக்ஸ் உலகில் பல கமாண்டுகளில் உண்டு. எனக்கு -இ-யைவிட இதுதான் பிடித்திருக்கிறது. எல்லை எங்கே என்பது கண்ணுக்கே தெரிகிறது.

டெபியன்காரர்கள் (உபுண்டுவுக்கு அடித்தளமான லினக்ஸ் அது) இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். எக்ஸ்-டெர்மினல்-எமுலேட்டர் என்று ஒரு பொதுப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் நிற்க விரும்பும் டெர்மினல் எதுவாக இருந்தாலும், -இ-க்குப் பின் வருவதை முழுக் கமாண்டாக எடுக்க வேண்டும், தலைப்புக்குப் பெரிய எழுத்து டி ஆப்ஷனை ஏற்க வேண்டும் என்று டெபியன் கொள்கையிலேயே விதி இருக்கிறது. க்னோம் டெர்மினல் நேரடியாக அதற்கு ஒத்துவராததால், நடுவில் ஒரு சின்ன பெர்ல் ஸ்கிரிப்ட் நின்று ஆப்ஷன்களை மாற்றிக் கொடுக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டை நண்பர்களுக்கும் கொடுப்பதாக இருந்தால், டெபியனிலும் உபுண்டுவிலும் இந்தப் பொதுப் பெயரை வைத்தே எழுதுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு எச்சரிக்கை. உபுண்டு 25.10-இலும் ஃபெடோரா 41-இலும் இயல்பாக வரும் டெர்மினல் டிக்சிஸ் என்ற புதியவர். அங்கேயும் தனி இரட்டை ஹைஃபன் செல்லும், ஆனால் பழைய க்னோம் டெர்மினல் ஆப்ஷன்கள் எல்லாம் செல்லும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். எந்த டெர்மினலாக இருந்தாலும் அதன் பெயரோடு --ஹெல்ப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுவது ஒரு நிமிட வேலை.

சரி, மூன்றாவது ஆளுக்கு வருவோம். விண்டோ ஏன் மூடிக்கொள்கிறது? டெர்மினல் உயிரோடு இருப்பது உள்ளே ஓடும் ப்ரோக்ராமுக்காக. அது முடிந்தால் டெர்மினலுக்கு அங்கே வேலை இல்லை. வழக்கமாக உள்ளே பாஷ் இருப்பதால், நீங்கள் எக்ஸிட் சொல்லும்வரை விண்டோ நிற்கிறது. பாஷுக்குப் பதில் நேராக சர்வரைக் கொடுத்தால், சர்வர் விழுந்த கணமே விண்டோவும் போய்விடும்.

இதற்கு எக்ஸ்டெர்மில் -ஹோல்ட் இருக்கிறது. கான்சோல், எக்ஸ்எஃப்சிஇ டெர்மினல், அலாக்ரிட்டி, கிட்டி எல்லாவற்றிலும் --ஹோல்ட். ப்ரோக்ராம் செத்தாலும் அது கடைசியாகச் சொன்னது திரையில் நிற்கும். க்னோம் டெர்மினலில் மட்டும் இது கமாண்ட் ஆப்ஷனாக இல்லை. ப்ரொஃபைல் செட்டிங்கில், கமாண்ட் முடிந்தபின் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் போய் மாற்ற வேண்டும். பிழை தேடும் நாளில் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் இதைப் போடுங்கள். ஏன் செத்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பலர் சொல்லிக்கொடுக்கும் இன்னொரு வழி, பாஷ் -சி "சர்வர் கமாண்ட்; எக்ஸெக் பாஷ்" என்று கொடுப்பது. சர்வர் முடிந்ததும் அதே இடத்தில் ஒரு புது பாஷ் உட்கார்ந்துகொள்ளும். நல்ல வழிதான், ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. சர்வரை நிறுத்த கன்ட்ரோல்-சி அழுத்தினால், அந்தச் சமிக்ஞை சர்வருக்கு மட்டும் போவதில்லை, வெளியே காத்திருக்கும் பாஷுக்கும் போகிறது. சர்வர் அந்தச் சமிக்ஞையாலேயே செத்திருந்தால் பாஷும் "அப்படியானால் நானும்" என்று கிளம்பிவிடும். எக்ஸெக் பாஷ் வரை வண்டி போகாது. இதற்கு மருந்து ஒரு வரி: ட்ராப் : இன்ட். அதாவது, குறுக்கீடு வந்தால் ஒன்றும் செய்யாதே. நடுவில் இருப்பது முக்காற்புள்ளி. அங்கே வெற்று மேற்கோள் போட்டுவிடாதீர்கள். முக்காற்புள்ளி போட்டால் பாஷ் மட்டும் தாங்கிக்கொள்ளும், சர்வர் வழக்கம்போல நிற்கும். வெற்று மேற்கோள் போட்டால் "கண்டுகொள்ளாதே" என்ற கட்டளை சர்வருக்கும் பரம்பரையாகப் போய்ச் சேரும்; சர்வர் தானாக அதை மாற்றிக்கொள்ளாத வரை, கன்ட்ரோல்-சி எத்தனை தடவை அழுத்தினாலும் அசையாது.

"கையால் அடித்தால் ஓடுகிறது, ஐகானில் ஓடவில்லை" என்று சொன்னீர்களே, அதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது பாத்தை, அதாவது கமாண்டுகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியலைத்தான். ஒருமுறை ஒரு சின்ன அலுவலகத்தில் இதே போல ஒரு ஐகானுக்காக அரை நாள் உட்கார்ந்தேன். ஆப்ஷன்களை முன்னும் பின்னும் மாற்றினேன், டெர்மினலையே மாற்றினேன். கடைசியில் எக்ஸ்டெர்மில் -ஹோல்ட் போட்டுப் பார்த்தால் ஒரே வரி: நோட் என்ற கமாண்ட் கிடைக்கவில்லை. நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் ப்ரோக்ராம்) அங்கே அதன் பதிப்புகளை நிர்வகிக்கும் என்விஎம் என்ற கருவி வழியாக நிறுவப்பட்டிருந்தது. என்விஎம் தன் பாதையைச் சேர்க்கும் வரிகளை, பாஷின் தொடக்க அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில்தான் எழுதிவைக்கும். நேரில் டைப் செய்யும் பாஷ் அந்த ஃபைலைப் படிக்கும். பாஷ் -சி படிக்காது. ஸ்கிரிப்டுக்குள் அதை சோர்ஸ் செய்தால், அதாவது ஏற்றிப் படிக்கவைத்தால், போதும் என்று நினைப்பீர்கள். உபுண்டு தரும் பாஷ்ஆர்சியின் தொடக்கத்திலேயே, "உரையாடும் ஷெல் இல்லையென்றால் திரும்பிப் போ" என்று ஒரு சோதனை இருக்கிறது. ஃபைல் படிக்கப்படும், ஆனால் அந்தச் சோதனையோடு திரும்பிவிடும். பிழைச் செய்திகூட வராது. அன்று நான் விட்ட பெருமூச்சு பக்கத்து அறைவரை கேட்டிருக்கும்.

வழி இரண்டு. பாஷ் -ஐசி என்று போட்டு உரையாடும் ஷெல்லாகவே எழுப்பலாம். இல்லை, ஸ்கிரிப்டுக்குள் என்விஎம்மின் ஃபைலை நேராக ஏற்றலாம். இரண்டாவதையே சொல்வேன். உங்கள் ஏலியாஸ், வண்ணம், ப்ராம்ப்ட் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும் ஷெல்லை ஒரு சர்வருக்காக எழுப்புவது, கறிவேப்பிலை வாங்கக் குடும்பத்தோடு கிளம்புவது மாதிரி.

இனி வரியை முதலில் படிக்கும் ஆள். டெஸ்க்டாப் ஐகான் ஃபைலில் எக்ஸெக் என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிப்பது ஷெல் அல்ல. ஆகவே அங்கே ~ என்றால் வீட்டு ஃபோல்டர் என்று யாருக்கும் தெரியாது, $ஹோம் விரியாது, && போட்டால் அது ஒரு சாதாரண வார்த்தையாக டெர்மினலிடம் போகும். சதவீதக் குறிக்கு அங்கே தனி அர்த்தம் இருப்பதால், நிஜமாகவே அது வேண்டுமென்றால் இரண்டு தடவை எழுத வேண்டும். க்னோம் செட்டிங்கில் நீங்களே வைக்கும் கீபோர்டு ஷார்ட்கட்டுக்கும் இந்த ஷெல் இல்லாத நிலைமைதான். அங்கெல்லாம் முழுப் பாதையை எழுதுவது ஒன்றே வழி.

ஷெல்லிலேயே ஒரு கண்ணி இருக்கிறது, இது பழைய ஆட்களையும் கவிழ்க்கும். --வொர்க்கிங்-டைரக்டரி=~/வேலை என்று பாஷில் அடித்தால் ~ விரியாது. வார்த்தையின் தொடக்கத்தில் இருந்தால்தான் விரியும்; இங்கே அது சமக்குறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. கான்சோலில் --வொர்க்டிர் ~/வேலை என்று இடைவெளி விட்டு எழுதினால் விரியும். க்னோம் டெர்மினலில் மேலே நான் எழுதியபடி $ஹோம் போடுங்கள். ஷெல்லில் அது வார்த்தையின் எந்த இடத்தில் இருந்தாலும் விரியும்.

இப்போது உங்கள் மூன்று டேப். க்னோம் டெர்மினலில் தனி இரட்டை ஹைஃபனை ஒரு தடவைதான் போட முடியும். அதற்குப் பின் எல்லாம் உள்ளே போகிற ப்ரோக்ராமுக்கு. ஆகவே ஒரே வரியில் மூன்று டேபுக்கும் மூன்று கமாண்ட் கொடுக்க இரட்டை ஹைஃபன் உதவாது. மூன்று வரியாக ஒரு ஸ்கிரிப்டில் எழுதுங்கள்:

க்னோம்-டெர்மினல் --விண்டோ --வொர்க்கிங்-டைரக்டரி=$ஹோம்/வேலை -- பாஷ் ஓட்டு.எஸ்ஹெச்

க்னோம்-டெர்மினல் --டேப் --வொர்க்கிங்-டைரக்டரி=$ஹோம்/வேலை -- டெயில் -எஃப் லாக்.டிஎக்ஸ்டி

க்னோம்-டெர்மினல் --டேப் --வொர்க்கிங்-டைரக்டரி=$ஹோம்/வேலை

--டேப் என்பது கடைசியாகத் திறந்த விண்டோவில் போய்ச் சேரும். முதல் கமாண்ட் சர்வர் முடியும்வரை காத்திருக்குமே, இரண்டாவது எப்போது ஓடும் என்று கேட்கலாம். காத்திருக்காது. க்னோம் டெர்மினலில் நீங்கள் ஓட்டுவது ஒரு தூதுவன் மட்டுமே. அவன் ப்ரோக்ராம்கள் தங்களுக்குள் பேசும் டி-பஸ் வழியாக, பின்னால் ஏற்கெனவே ஓடும் க்னோம் டெர்மினலின் சொந்த சர்வர் ப்ராசஸிடம் "ஒரு விண்டோ திற" என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுவான். உங்களுக்கு இது வசதி. ஆனால் "டெர்மினல் மூடியதும் அடுத்த வேலையைச் செய்" என்று ஸ்கிரிப்ட் எழுதியவர்களுக்கு இதே குணம் தலைவலி. அவர்களுக்காகத்தான் --வெய்ட் என்று ஓர் ஆப்ஷன். எக்ஸ்டெர்ம் அப்படி இல்லை; ஒவ்வொரு விண்டோவும் தனி ப்ராசஸ், மூடும்வரை காத்திருக்கும், வேண்டாமென்றால் வரி முடிவில் & போட வேண்டும்.

அந்தப் பின்னணி சர்வருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. உங்கள் லோக்கேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) யுடிஎஃப்-8 இல்லையென்றால் அது எழும்பவே மறுக்கும். ஐகானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. புதிதாக நிறுவிய கணினியில் டெர்மினல் திறக்கவில்லை என்றால், எக்ஸ்டெர்ம் ஒன்றைத் திறந்து லோக்கேல் என்று அடித்துப் பாருங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே எல்லாக் கணினியிலும் எக்ஸ்டெர்மை வைத்திருக்கிறேன்.

கான்சோல் வைத்திருந்தால் டேப் விஷயம் இன்னும் அழகு. --டேப்ஸ்-ஃப்ரம்-ஃபைல் என்று ஒரு ஃபைலைக் கொடுத்தால் போதும். அந்த ஃபைலில் ஒரு வரிக்கு ஒரு டேப்: டைட்டில், வொர்க்டிர், கமாண்ட் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரட்டை அரைப்புள்ளி. இதற்காகவே கான்சோலுக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் டேப்களை டெர்மினலிடம் கேட்கவே மாட்டேன். ஒரே டெர்மினலுக்குள் பல ஷெல்களை ஓட்டிவைக்கும் டிமக்ஸிடம் விட்டுவிடுவேன்:

க்னோம்-டெர்மினல் --மேக்ஸிமைஸ் -- டிமக்ஸ் நியூ-செஷன் -ஏ -எஸ் வேலை

இதில் -ஏ மட்டும் பெரிய எழுத்து. "வேலை" என்ற பெயரில் செஷன் இருந்தால் அதில் சேர்ந்துகொள், இல்லையென்றால் புதிதாகத் தொடங்கு என்று பொருள். விண்டோவைத் தெரியாமல் மூடினாலும் சர்வர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஐகானை மறுபடி அழுத்தினால் விட்ட இடத்தில் வந்து நிற்கும். டெர்மினல் எதுவாக மாறினாலும் மாற்ற வேண்டியது வரியின் முன்பாதி மட்டுமே.

மிச்சமிருக்கும் இரண்டு சில்லறைப் புகார்கள். --டைட்டில் கொடுத்தும் தலைப்பு நிற்கவில்லை என்றால், குற்றம் டெர்மினலுடையது அல்ல. உபுண்டுவின் பாஷ்ஆர்சி ஒவ்வொரு ப்ராம்ப்டின்போதும் பயனர் பெயர், கணினி, ஃபோல்டர் மூன்றையும் சேர்த்துத் தலைப்பை மாற்றி எழுதுகிறது. ப்ராம்ப்டின் வடிவத்தை வைத்திருக்கும் பிஎஸ்1-ஐத் தொடும் அந்த வரியை எடுத்துவிட்டால் உங்கள் தலைப்பு நிற்கும். அப்புறம், ஜியோமெட்ரியில் இடம் கொடுத்தும் விண்டோ அங்கே போகவில்லையா? எக்ஸ் விண்டோ சிஸ்டத்துக்குப் பதிலாக வந்த வேலேண்டில் இருக்கிறீர்கள். அங்கே எந்த ப்ரோக்ராமும் "என்னை இந்த மூலையில் வை" என்று கேட்க முடியாது, வைப்பது டெஸ்க்டாப்பின் உரிமை. அளவை மட்டும் மதிக்கும். ஐ3, ஸ்வே மாதிரி, விண்டோக்களைத் தானே அடுக்கும் டைலிங் வகை விண்டோ மேனேஜர் பயன்படுத்துபவர்கள் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள்: அலாக்ரிட்டியை --கிளாஸ் என்ற ஆப்ஷனோடு ஒரு பெயர் கொடுத்துத் திறப்பது, அந்தப் பெயர் வந்தால் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று விண்டோ மேனேஜரின் கான்ஃபிக்கில் எழுதுவது.

ஐகானைத் திருத்தியபின் மவுஸைத் தேட வேண்டாம். ஐகான் ஃபைலை வீட்டு ஃபோல்டருக்குள் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்தில் வைத்துவிட்டு, ஒரு டெர்மினலில் ஜிடிகே-லாஞ்ச் என்று அடித்து, அந்த ஃபைலின் பெயரைக் கொடுங்கள். கிட்டத்தட்ட டெஸ்க்டாப் படிப்பது போலவே படிக்கும், பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே சொல்லும். சொல்லவில்லை என்றால், லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் --யூசர் -எஃப் என்று ஒரு பக்கம் ஓடவிட்டு, ஐகானை ஒருமுறை அழுத்துங்கள். அங்கே வரும் வரியை அப்படியே எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.